முனீஸ்வரனின் சாட்சி

பெங்களூரு
9 ஜூலை 2023

கர்த்தருக்குள் பிரியமான தம்பி முனீஸ்வரனுக்கு,

உனக்கும் உன் மனைவி சுகந்திக்கும் சித்தப்பாவுக்கும் சமாதானம் உண்டாவதாக. இங்கே குழுவில் எல்லோரும் சுகம். உன் சுகத்தைத்தான் யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை. உன் எண் அணைந்தே கிடக்கிறது. சுகந்தி என் அழைப்பை எடுப்பதில்லை. கடைசியில் ரெட்டியபட்டி தபால்காரரை நம்பி உட்கார்ந்துவிட்டேன். பேனா பிடித்து எத்தனை வருஷம் ஆயிற்று!

நீ ஊருக்குப் போனதிலிருந்து நம் 'உப்புத்தூண்' இசைக்குழு நொண்டுகிறது. கொச்சியிலிருந்து ஒரு டிரம்மரைக் கூட்டி வந்திருக்கிறோம். வேகக்காரன். மெட்டல் அடி என்றால் ரெண்டு காலும் தெறிக்கிறது. ஆனால் ஏழு தட்டுக்குள் பதினொன்றைச் செருகிவிட்டு, நடுவே பிரஷ்ஷை எடுத்து ஜாஸ் போல மெல்லத் தடவி, மறுபடி இடியோடு வந்து விழுவாயே, அது அவனுக்கு வரவில்லை. சாக்ஸபோன் வாசிக்கும் பையன் தினமும் உன்னைக் கேட்கிறான்.

ஹாஸ்டல் ஜெபக்கூட்டத்தில் உடைந்த மேஜையை நீ தட்ட, நான் ஓட்டைக் கித்தாரை வைத்துக்கொண்டு உறுமிய நாள் ஞாபகம் இருக்கிறதா? கரிசல்காட்டுப் பங்காளிகள் இரண்டு பேர் ஞானஸ்நானம் வாங்கி, ஆண்டவரைப் பற்றி இப்படி ஒரு சத்தத்தில் பாடுவோம் என்று யார் நினைத்தார்கள்? உன் இடம் உனக்குத்தான். அதை யாரும் எடுக்க முடியாது.

ஒரு விஷயம். உன் காதுக்குள் ஓயாமல் ஒரு ரீங்காரம் கேட்கிறது என்றாயே, அது எந்தச் சுரம்? தெரிந்தால் எழுது. புதிய பாட்டுக்கு வேண்டும்.

உனக்காக முழங்காலில் நிற்கும் அண்ணன்,
உக்கிரபாண்டி


எம்.ரெட்டியபட்டி
21 ஜூலை 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம் என்றே எழுதுகிறேன். உன் கடிதம் வந்தது. ஃபோனைச் சுகந்தியிடம் கொடுத்துவிட்டேன். அது இருந்தால் பழைய ரெக்கார்டிங்கைப் போட்டுக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன், அதனால்தான். கடிதமே நல்லது.

வலது காது அடைத்தே போயிற்று. இடது காதில் பக்கத்தில் நின்று கத்தினால் ஏதோ தெரிகிறது. சுகந்தி உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னால் புரிந்துகொள்கிறேன். மதம் மாறினேன் என்று அப்பா என்னோடு பேசுவதில்லை. இப்போது பேசினாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

அருப்புக்கோட்டையில் ஒரு விசைத்தறிக் கொட்டகையில் வேலைக்குப் போகிறேன். அங்கே யாருக்குமே யார் பேசுவதும் கேட்காது. எல்லோரும் கையாலும் வாயாலும் சைகைதான். என் குறை அங்கே ஒரு குறையில்லை.

மதுரையில் காது டாக்டரைப் பார்த்தேன். "கேக்கலைன்னு தெரிஞ்ச ஒரு வாரத்துக்குள்ள வந்திருந்தா மாத்திரையில மீட்டிருக்கலாம், அந்த வாரம் எங்கப்பா இருந்த?" என்று கேட்டார். கச்சேரிக்காகத் திமாப்பூர், கொஹிமா, ஷில்லாங் என்று சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நீ கேட்ட சுரம். நான் முனகினேன், சுகந்தி ஃபோனில் சுருதி காட்டும் டியூனரை வைத்துப் பார்த்தாள். எஃப் ஷார்ப்புக்கு ஒரு மயிரிழை கீழே.

தம்பி,
முனீஸ்வரன்


பெங்களூரு
12 ஆகஸ்ட் 2023

பிரியமான முனீசுக்கு,

கிருபை பெருகட்டும். உன் கடிதத்தைக் குழுவுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லோரும் அழுதோம்.

நீ சொன்ன சுரம் அற்புதம். ஒரு மயிரிழை கீழே என்றாயே, அங்கேதான் இருக்கிறது உயிர். பாட்டு முழுக்க அந்த ஒரே ஓசையைக் கீழே ஓடவிட்டிருக்கிறோம். மேலே கித்தார் பதினொரு தட்டில் சுற்றும், சாக்ஸபோன் தன் பாட்டுக்கு அலையும், அந்த ஓசை மட்டும் நிற்காது. கேட்பவனுக்குப் பல் கூசும். கடைசியில் திடீரென்று அதை நிறுத்துகிறோம். அந்த அமைதிதான் சுகம், அதுதான் ஆண்டவர். பாட்டுக்கு 'ரீங்காரம்' என்று பெயர் வைத்திருக்கிறேன். ஒலிப்பதிவுக் கம்பெனிக்காரர் கேட்டுவிட்டு எழுந்து நின்றார்.

மனுஷ வைத்தியர் சொல்வதை மனதில் ஏற்றாதே. அவர்கள் முடிந்தது என்று சொல்லும் இடத்தில்தான் அவர் தொடங்குகிறார்.

டிரம் முன்னால் நீ சிரித்தபடி இருக்கும் படம் ஒன்று வேண்டும். சுகந்தியிடம் சொல்லி அனுப்பு. எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

அண்ணன்,
உக்கிரபாண்டி


எம்.ரெட்டியபட்டி
24 செப்டம்பர் 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே இன்னும் மழை இல்லை. படம் அனுப்பவில்லை, சுகந்திக்கு இஷ்டமில்லை.

இன்று சபையில் ஒரு காரியம் நடந்தது. ஆராதனை முடிந்ததும் பத்துப் பதினைந்து பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்தார்கள். எதற்கு என்று விளங்கவில்லை. பின்வரிசையில் உட்காரும் முத்துமாரியம்மாள் என் வலது காதைத் தொட்டு, அந்தக் கையை முத்தமிட்டார். சுகந்தியின் முகம் வெளுத்துவிட்டது. வெளியே வந்த பிறகுதான் சொன்னாள்: "ஒங்களுக்குக் காது வந்துருச்சாம். வீடியோவுல ஒங்க அண்ணன் சொல்லியிருக்காகளாம்."

போதகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு தாளில் எழுதிக் கேட்டார்: 'கேட்கிறதா?' இல்லை என்று தலையாட்டினேன். 'அப்படியானால் அதை எல்லோரிடமும் சொல்லு. ஆஸ்பத்திரிக்கும் போ. ஆண்டவர் அங்கேயும் இருக்கிறார்' என்று எழுதினார். எழுபது வயது மனிதர், ஒவ்வொரு எழுத்தையும் பெரிதாக எழுதினார்.

அண்ணே, நீ என்ன சொன்னாய்?

முனீஸ்வரன்


பெங்களூரு
29 அக்டோபர் 2023

பிரியமான தம்பிக்கு,

தாமதத்தை மன்னிக்க வேண்டும். ஊர் ஊராகக் கச்சேரி. உடம்பு ஓய்ந்தாலும் உள்ளம் ஓயவில்லை. உன் வீட்டாரை விசாரித்ததாகச் சொல்.

நீ கேட்டதற்கு ஒளிக்காமல் பதில் சொல்கிறேன். ஆகஸ்ட் கடைசியில் இங்கே பெரிய மேடை. 'ரீங்காரம்' தொடங்குமுன் இரண்டு வார்த்தை பேசினேன். எங்கள் டிரம்மர் முனீஸ்வரன் செவிடானான், ஆண்டவர் அவன் செவியைத் திறந்தார் என்று வாயில் வந்தது. நான் பேசவில்லை, பேச வைக்கப்பட்டேன். இன்னும் நடக்காததை நடந்ததாக அறிக்கை செய்வதுதான் விசுவாசம். நாளைக்கு நடக்கப்போவதை நேற்று நடந்ததாகச் சொன்னேன், அவ்வளவுதான். உன் படம் ஒன்று என்னிடமே இருந்தது, அதையும் திரையில் காட்டினோம்.

முனீஸ்வரன் என்கிற பெயரோடு ஒருவன் ஆண்டவரால் சுகமானான் என்பது எத்தனை பேரைத் தொட்டிருக்கிறது தெரியுமா? ஜெபத்தைக் கேலி செய்த மெட்டல் ரசிகர்கள் கண்ணீரோடு எழுதுகிறார்கள்.

யாராவது கேட்டால் மறுத்துப் பேசாதே. மறுத்தால் உன் சுகத்தை நீயே தடுத்தவன் ஆவாய். முடிந்தால் 'உண்மை' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

அண்ணன்,
உக்கிரபாண்டி


எம்.ரெட்டியபட்டி
19 நவம்பர் 2023

அண்ணனுக்கு,

சுகமா என்று கேட்டுத் தொடங்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள்.

போன ஞாயிறு திருச்சுழியிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் ஜெகதீஸ்வரி. புருஷன் காளிராஜ் லாரியில் லோடு ஏற்றுபவர். கூட அவள் மகள் யாழினி. பிறந்ததிலிருந்து காது கேட்காத பிள்ளை. பிப்ரவரியில் ஆறு வயது முடிகிறது. ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, ஊரெல்லாம் 'காது தெறந்த அண்ணன் வீடு எது' என்று விசாரித்திருக்கிறாள்.

வந்ததும் பிள்ளையை என் மடியில் உட்கார வைத்துவிட்டாள். "அண்ணே, ஒங்க கைய எம்புள்ள காதுல வச்சு ஒரு ஜெபம் பண்ணுங்கண்ணே. நாங்க வேற சாமி கும்புடுறவகதான். எந்தச் சாமி குடுத்தா என்ன, எம்புள்ளைக்குக் கேட்டாச் சரி." அவள் சொன்னதைச் சுகந்தி வாயசைத்துச் சொன்னாள்.

எனக்கும் கேட்காது, வீடியோவில் சொன்னது பொய் என்று சொன்னேன். அவள் சிரித்தாள். "கண்ணு பட்டுரும்னு மறைக்கிறீக. நாஞ் சொன்னதுக்குத்தான் பதில் சொல்லுறீகளே, கேக்காமயா சொல்லுறீக?" சுகந்தி தலையில் அடித்துக்கொண்டு, "இந்தா, என் வாயப் பாத்துத்தான் சொல்லுறாக தாயி" என்றாள். அவள் நம்பவில்லை.

பிறகுதான் அந்தச் செய்தியைச் சொன்னாள். மதுரை ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு ஆபரேஷன் செய்து காதுக்குள் கருவி வைக்கத் தேதி கொடுத்திருக்கிறார்கள். டிசம்பரில். ஆறு வயது முடிந்தால் இலவசத் திட்டத்தில் கிடைக்காது. "தலையில ஓட்ட போடுவாகளாம்ணே. அதுக்குத்தான் ஒங்ககிட்ட ஓடியாந்தேன். ஒங்களுக்குக் கத்தி இல்லாமத்தான திறந்துச்சு?"

அண்ணே, திமாப்பூரில் ஸ்பீக்கர் வெடித்த மறுநாள் காலை நான் ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். நீ வந்து சீட்டை என் கையிலிருந்து வாங்கினாய். இன்னும் இரண்டு மேடை பாக்கி இருக்கிறது, விசுவாசம் இருக்கிறவன் வரிசையில் நிற்கமாட்டான் என்றாய். நானும் வந்தேன். அது என் காது. நான் போட்டுக்கொண்ட கணக்கு, போகட்டும்.

இது அந்தப் பிள்ளையின் காது. வீடியோவை எடுத்துவிடு. இல்லாவிட்டால் 'முனீஸ்வரன் சுகமாகவில்லை' என்று ஒரே ஒரு வரி போடு. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

முனீஸ்வரன்


பெங்களூரு
14 டிசம்பர் 2023

பிரியமான முனீசுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. சுகந்திக்குப் புடவை ஒன்று அனுப்பியிருக்கிறேன்.

உன் கடிதம் வந்த நேரம் ஆல்பம் வெளியீடு. கம்பெனியோடு ஒப்பந்தம் போட்ட பிறகு வீடியோ என் கையில் இல்லை. ஆனால் யாழினியை நான் மறக்கவில்லை. நேற்று மேடையில் அவள் பெயரைச் சொன்னேன். இரண்டாயிரம் பேர் கையை உயர்த்தி ஜெபித்தார்கள். இதைவிடப் பெரிய வைத்தியம் எது?

ஜனவரி 20 மதுரையில் வாசிக்கிறோம். நீ வரவேண்டும். சும்மா வந்து மேடையில் நின்றால் போதும். தாயையும் பிள்ளையையும் அழைத்து வா. கார் அனுப்பட்டுமா?

அண்ணன்,
உக்கிரபாண்டி


எம்.ரெட்டியபட்டி
2 ஜனவரி 2024

அண்ணனுக்கு,

புடவையைச் சுகந்தி திருப்பி அனுப்பியிருக்கிறாள். வந்திருக்கும்.

ஆபரேஷன் தேதி போய்விட்டது. அதற்கு முன்தினம் போதகரும் நானும் திருச்சுழிக்குப் போய்க் காளிராஜிடம் மன்றாடினோம். "ஒமக்குக் கெடச்சது எம்புள்ளைக்குக் கெடைக்கக் கூடாதுன்னு நெனைக்கிறீகளோ?" என்று கேட்டார். போதகர் அதை எனக்கு எழுதிக் காட்டவில்லை. ஆனால் காளிராஜின் உதட்டில் நானே படித்தேன். இன்னொரு தேதி கேட்டுப் பார்க்கலாம், பிப்ரவரி வரை நேரம் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

மதுரைக்கு வருகிறேன். தாயும் பிள்ளையும் வருகிறார்கள். கார் வேண்டாம்.

முனீஸ்வரன்


எம்.ரெட்டியபட்டி
22 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வெகுநாளைக்குப் பிறகு அன்புள்ள என்று எழுதுகிறேன். நீ சுகமாகப் பெங்களூரு சேர்ந்திருப்பாய். நானும் சுகம். இது சும்மா எழுதும் சுகம் இல்லை.

உண்மையைச் சொல்கிறேன். நீ சொன்னபடி சும்மா நிற்பதற்காக நான் வரவில்லை. உன் மேடையிலேயே, நீ கூட்டிய கூட்டத்திடமே, ஜெகதீஸ்வரியின் காது கேட்க எல்லாவற்றையும் உடைத்துவிடத்தான் வந்தேன். மைக்கை என் கையில் கொடுப்பாய் என்று நினைக்கவில்லை. கொடுத்தாய். 'எனக்குக் கேட்காது. அண்ணன் சொன்னது நடக்கவில்லை. காது கேட்காத பிள்ளை வைத்திருப்பவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நான் போகாமல் கெட்டேன்' என்று சொன்னேன். மூன்று தரம் சொன்னேன். என் குரல் எனக்குக் கேட்காது, அதனால் நன்றாகக் கத்தியே சொன்னேன்.

கல்லெறிவார்கள் என்று பயந்தேன். யாரும் எறியவில்லை. எல்லோரும் கையை உயர்த்தினார்கள். முன்வரிசையில் அழுதார்கள். நீயும் வந்து என்னைக் கட்டிக்கொண்டாய். உன் கண்ணில் நீர் இருந்தது. அந்த நேரத்தில் உன்மேல் இருந்த கசப்பெல்லாம் இறங்கிவிட்டது அண்ணே. உன்னை என்னென்னவோ நினைத்துவிட்டேன்.

பிறகு நீங்கள் 'ரீங்காரம்' வாசித்தபோது யாழினி ஓடிப்போய் ஸ்பீக்கர் பெட்டிமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சிரித்தாளே, பார்த்தாயா? அந்த அதிர்வை நானும் பாதத்தில் வாங்கிக்கொண்டு நின்றேன். தாளம் எனக்குத் தப்பவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜெகதீஸ்வரி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நாளைக்கே ஆஸ்பத்திரியில் புதுத் தேதி கேட்கலாம் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். சுகந்தி அவள் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று அருப்புக்கோட்டையில் இருக்கிறாள். வந்ததும் அவளிடம் சொல்ல வேண்டும்.

உன் தம்பி,
முனீஸ்வரன்


பெங்களூரு
30 ஜனவரி 2024

என் உயிர்த் தம்பிக்கு,

ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பாராக. உன் கடிதத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மதுரை மாதிரி ஒரு மேடை எங்கள் வாழ்நாளில் இல்லை. நீ பேச ஆரம்பித்ததும் மைக்கில் ஏதோ கோளாறு. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மேஜையில் இருந்த பையன் எதையோ மாற்றி அழுத்திவிட்டான் போலிருக்கிறது. உன் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. கூட்டம் தவிக்கக் கூடாதே என்று, உன் பின்னால் நின்று என் மைக்கில் நானே உனக்காகப் பேசினேன். 'என் தம்பி கேட்கிறான், உங்கள் துதியைக் கேட்கிறான்' என்றேன். ஜனங்கள் எழுந்துவிட்டார்கள். நீ கத்தக் கத்த அவர்கள் ஆர்ப்பரித்தார்கள். இரண்டு பேர் குரலும் ஒன்றாகிவிட்டது.

அதற்கு மேல் அந்தக் குழந்தை. இசை வந்ததும் சிரித்தாளே! தாய் அவளைத் தூக்கிக் காட்டினாள். அந்தக் காட்சியைத் தனியாக வெட்டிப் போட்டிருக்கிறோம். சுகந்தியைப் பார்க்கச் சொல்.

கசப்பு இறங்கியது என்று எழுதினாயே, அதுவே எனக்குப் போதும். அடுத்த பாட்டு யாழினியைப் பற்றித்தான். அவர்கள் முகவரியை அனுப்பு.

என்றும் உன்,
உக்கிரபாண்டி


எம்.ரெட்டியபட்டி
16 ஜூன் 2024

உக்கிரபாண்டி அண்ணனுக்கு,

பதில் எழுத ஐந்து மாதம் ஆகிவிட்டது.

சுகந்தி அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, நீ பேசியதை ஒரு வார்த்தை விடாமல் எனக்கு வாயசைத்துச் சொன்னாள். அன்றே திருச்சுழிக்குப் போனோம். ஜெகதீஸ்வரி ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. "மேடையில ஒங்க அண்ணன் சொல்லச் சொல்ல நீங்களும் சொன்னீகளே. எம்புள்ளயும் கேட்டுத்தான சிரிச்சா?" என்றாள். பெட்டியின் அதிர்வுக்குச் சிரித்தாள் என்று சொன்னேன். சுகந்தி பிள்ளைக்குப் பின்னால் நின்று தட்டைத் தரையில் போட்டுக் காட்டினாள். பிள்ளை திரும்பவில்லை. "இன்னும் முழுசா வரல" என்று காளிராஜ் சொன்னார்.

பிப்ரவரியில் யாழினிக்கு ஆறு முடிந்தது. இனி இலவசமாக இல்லை. அவர்கள் வீட்டை விற்றாலும் பத்தாது.

உன் வீடியோவைப் பார்த்துக் கமுதியிலிருந்தும் காரியாபட்டியிலிருந்தும் ஆள் வருகிறார்கள். முதலில் எல்லோரிடமும் உண்மையைச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு ஜெபக்காரனைத் தேடிப் போனார்கள். ஏப்ரலில் ரெண்டு வயதுப் பையனோடு ஒரு தம்பதி வந்தார்கள். அன்றைக்கு மாற்றிச் சொன்னேன். பையன் காதில் கையை வைத்துக் கண்ணை மூடி, 'எனக்குத் தெரிவிக்கப்பட்டது. இந்தப் பிள்ளைக்கு மதுரை ஆஸ்பத்திரியில்தான் திறக்கும். உடனே போங்கள்' என்றேன். மறு பேச்சுப் பேசாமல் அடுத்த பஸ் ஏறினார்கள். ஆபரேஷன் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த எல்லோரையும் அப்படித்தான் அனுப்புகிறேன்.

அதற்கு நான் காது கேட்பவனாக இருக்க வேண்டும். சுகந்தி அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று வாயசைக்கிறாள், நான் கேட்டதுபோலத் தலையாட்டுகிறேன். கொட்டகை வேலையை விட்டுவிட்டேன். தெருவில் நடந்தால் யாராவது கூப்பிட்டு நான் திரும்பாமல் போய்விடுவேனோ என்று வெளியிலும் போவதில்லை.

போதகர் வந்தார். நான் சொல்லுவது பொய்தானே என்று எழுதிக் கேட்டார். ஆம் என்றேன். பொய் சொல்லுகிறவனுக்குச் சபையில் திருவிருந்து அப்பம் தர முடியாது என்று எழுதினார். பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்களே என்றேன். தெரியும் என்று எழுதிவிட்டு, தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். அதிலிருந்து நான் சபைக்குப் போகவில்லை.

வீடியோவை எடுக்கச் சொல்லி இனிக் கேட்கமாட்டேன். எடுத்துவிடாதே. உண்மை என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துக் கேட்டாயே, இத்தோடு வைத்திருக்கிறேன்.

முகவரி தரமாட்டேன். ஜெகதீஸ்வரி மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் பிள்ளையோடு இங்கே வருகிறாள். மற்றவர்களை அனுப்பும் இடத்துக்கு அவளை அனுப்ப முடியாது. "எனக்கு நம்பிக்கை பத்தலையாண்ணே?" என்று கேட்கிறாள். அப்படியில்லை என்று சொன்னால், பிறகு எது பத்தவில்லை என்று யோசிப்பாள். யோசித்தால் அந்த டிசம்பர் தேதியில் போய் முட்டிக்கொள்வாள். அதனால், அடுத்த வாரம் வா என்று சொல்கிறேன். யாழினி தானே வந்து என் மடியில் ஏறி, என் கையை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொள்கிறாள்.

பதில் வேண்டாம்.

முனீஸ்வரன்